ஃபைண்டிங் நீமோ

பிக்சார் நிறுவனம் தயாரித்து 2003 மே 30 அன்று அமெரிக்காவில் வெளியான கணினி அசைவூட்டத் திரைப்படம். இயக்கம் ஆண்ட்ரூ ஸ்டான்டன். இசை தாமஸ் நியூமன். கதை ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டில் தொடங்குகிறது. முக்குளிப்பவர் ஒருவர் பிடித்துச் சென்ற மகன் நீமோவைத் தேடி, மார்லின் என்ற கோமாளி மீன், மறதிக்கார டோரியின் துணையோடு சிட்னி வரை போகிறது. நீமோ இருப்பதோ ஒரு பல் மருத்துவரின் மீன்தொட்டியில்.

படத்தின் உயிர் அதன் தொடக்கக் காட்சியில் இருக்கிறது. சீலா மீன் தாக்கியதில் மனைவியையும் நூற்றுக்கணக்கான முட்டைகளையும் இழந்த மார்லின், கீறல் விழுந்த ஒரே முட்டையைத் துடுப்பில் ஏந்தி நிற்கிறது. அதிலிருந்து பிறக்கும் நீமோவுக்கு வலத் துடுப்பு சிறியது. தந்தையின் ஓயாத அச்சத்துக்கு இதைவிட அழுத்தமான காரணம் தேவையில்லை.

கோமாளி மீன்கள் கடல் சாமந்திகளில் வாழ்வதைப் படம் சரியாகவே காட்டுகிறது. ஆனால் இயற்கையில் பெண் மீன் இறந்தால் அதன் இணையான ஆண் மீனே பெண்ணாக மாறிவிடும். கதை இதைத் தொடவில்லை.

சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கர் விருதை பிக்சாருக்கு முதன்முதலில் பெற்றுத்தந்தது இப்படமே. தொடர்ச்சியான ‘ஃபைண்டிங் டோரி’ 2016இல் வெளிவந்தது.