கொட்டகைக்காரருக்குத் தெரியுமா? காரைக்குடி போட்டோவும் ஒரு அப்லோடு பட்டனும்

பாரதியார் கையில தடியோட இருக்கிற போட்டோ ஒண்ணு உண்டு, பார்த்திருப்பீங்க. அது எடுக்கப்பட்ட இடம் காரைக்குடி, வருஷம் 1919. கானாடுகாத்தான் வை.சு. சண்முகம் செட்டியாரோட அழைப்புல செட்டிநாட்டுக்கு வந்த பாரதி, காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கும் போனார். சங்கத்துக்காரங்களோட ஒரு குரூப் போட்டோ, தனியா ஒண்ணு. பாரதியோட போட்டோக்களை விரல் விட்டு எண்ணிடலாம். அதுல ரெண்டு நம்ம செட்டிநாட்டுல எடுத்தது.

இப்ப அந்தப் படத்தை யாரோ ஒருத்தர் ஒரு வெப்சைட்ல ஏத்துறார். அது யாருக்குச் சொந்தம்? தப்புன்னா யார் தப்பு, ஏத்தினவரா, இடம் கொடுத்த சைட்டா?

நான் கோட் எழுதிப் பிழைக்கிறவன். அப்லோடு பட்டன் எழுத ஒரு மத்தியானம் போதும். பைல் 5 எம்பிக்குள்ள இருக்கா, ஜேபெக்கா, வைரஸ் இருக்கா, எல்லாம் செக் பண்ணுவோம். படம் எடுத்தது யார்னு பைலைப் பார்த்துச் சொல்ற கோடை நான் எழுதினதும் இல்ல, பார்த்ததும் இல்ல.

முதல்ல போட்டோ. 1919-ல இங்க நடைமுறையில இருந்தது பிரிட்டிஷ்காரங்களோட 1911 காப்புரிமைச் சட்டம். 1914-ல சில மாற்றங்களோட அதை இந்தியாவுக்குப் பொருத்தினாங்க. அதன்படி ஒரு போட்டோவுக்கு உரிமை, நெகட்டிவ் எடுத்ததுல இருந்து 50 வருஷம். அப்ப 1969-லயே முடிஞ்சது. இல்ல, 1957 சட்டத்துல 2012 திருத்தம் வரைக்கும் இருந்த கணக்குதான் வேணும்னாலும், அது வெளியானதுல இருந்து 60 வருஷம். ரா.அ. பத்மநாபன் 'சித்திர பாரதி'யை வெளியிட்டது 1957. அந்தக் கணக்குல எண்ணினாலும் 2017-ல முடிஞ்சிருக்கும். தாராளமா ஏத்துங்க.

இன்னொரு விஷயம், நிறைய பேருக்குத் தெரியாது: காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேற ஒப்பந்தம் இல்லேன்னா, முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான், போட்டோகிராபர் இல்ல. உங்க கல்யாண ஆல்பத்துக்கும் இதே கணக்குதான்.

ஆனா நாம டீ-ஷர்ட்லயும் டிபியிலயும் வைக்கிற பாரதி பெரும்பாலும் போட்டோ இல்ல, ஓவியம். பரவலா தெரிஞ்ச அந்த முண்டாசு உருவத்தை வரைஞ்சவர் ஆர்யா என்கிற கே. பாஷ்யம். 1932-ல சென்னை கோட்டைக் கொடிமரத்துல ஏறி தேசியக் கொடி பறக்கவிட்ட அதே ஆள். சுதந்திரத்துக்கு அப்புறம் பல பத்தாண்டு வாழ்ந்தவர். ஓவியத்துக்கு உரிமை, வரைஞ்சவர் இறந்து 60 வருஷம் வரைக்கும். அதனால அவர் வரைஞ்ச எதையும் பழசுதானேன்னு பொதுச்சொத்துக் கணக்குல சேர்க்க முடியாது. சர்வருக்கு ரெண்டும் ஜேபெக்தான். சட்டத்துக்கு வேற வேற.

இந்தப் பிரச்சினை இன்டர்நெட்டோட பிறந்ததுன்னு நினைச்சிட்டு இருந்தேன். இல்ல. அந்த 1911 சட்டத்துலயே ஒரு பிரிவு இருக்கு: அனுமதி இல்லாத நாடகத்தையோ பாட்டையோ நடத்த, லாபத்துக்காக அரங்கத்தை விட்டவரும் பொறுப்பு. ஒரே விதிவிலக்கு, அது திருட்டுன்னு அவருக்குத் தெரியாம இருக்கணும், சந்தேகப்படவும் நியாயமான காரணம் இருக்கக் கூடாது. நம்ம பாஷையில சொன்னா கொட்டகைக்காரர். மேடை அவரோடது, நாடகம் அவரோடது இல்ல. சட்டம் அவர்கிட்ட கேட்கிற கேள்வி: உனக்குத் தெரியுமா?

தெரியுறது அவ்வளவு சுலபமான்னு பார்க்க மறுபடி காரைக்குடிக்கே போகலாம். ஏவி. மெய்யப்பன் இந்த ஊர்க்காரர். மெட்ராஸுக்குப் போறதுக்கு முன்னாடி ஸ்டுடியோவை இங்க வச்சுதான் 'நாம் இருவர்' எடுத்தார். 1947-ல வந்தது, பாரதி பாட்டுக்காகவே ஓடுச்சு. அந்தப் பாட்டுகளை ரெக்கார்டு போடுற உரிமை ஜேசிங்லால் மேத்தாங்கிற ஒரு வியாபாரிகிட்ட இருந்தது. புத்தக உரிமை தனி, அது தம்பி விசுவநாதன்கிட்ட. ஏவி.எம். மேத்தாகிட்ட இருந்து உரிமையை வாங்கினார். அடுத்த வருஷம் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்துல ஒரு பாரதி பாட்டு வச்சாங்க. ஏவி.எம். தரப்பு சட்ட நடவடிக்கையில இறங்குச்சு.

பாரதி பாட்டுக்கு ஒரு செட்டியார்கிட்ட அனுமதி வாங்கணுமான்னு ஊரே கேட்டது. கடைசியில ஏவி.எம். பணம் வாங்காம விட்டுக்கொடுத்தார். 1949-ல சென்னை மாகாண அரசு பாரதி எழுத்துரிமைகளை எடுத்துக்கிச்சு, பின்னாடி பொதுவுக்கே விட்டது. ஏவி.எம். செஞ்சது சட்டப்படி சரின்னுதான் எனக்குத் தோணுது. சகோதரர்கள் மேல எனக்குக் கோபமும் வரல. பல கை மாறின உரிமை யார்கிட்ட இருக்குன்னு, அவர் வந்து சொல்ற வரைக்கும் எத்தனை பேருக்குத் தெரியும்?

கொட்டகைப் பிரிவு 1957 சட்டத்துல 51-ஆவது பிரிவா வந்தது. 'அரங்கம்'ங்கிறது 'எந்த இடமும்'னு ஆச்சு. ஐம்பது வருஷம் கழிச்சு டெல்லி உயர் நீதிமன்றத்துல அதே கேள்வி: வெப்சைட்டும் ஒரு 'இடமா'? டி-சீரிஸ் பேர்ல பாட்டு விக்கிற சூப்பர் கேசட்ஸ், மைஸ்பேஸ் மேல போட்ட வழக்கு. 2011-ல தனி நீதிபதி மைஸ்பேஸ் பொறுப்புதான்னு சொன்னார். 2016 டிசம்பர்ல இரண்டு நீதிபதிகள் அமர்வு அதை மாத்துச்சு. பொதுவா 'திருட்டு நடக்கலாம்'னு தெரிஞ்சா போதாது, இந்தப் பைல் என்னோடதுன்னு குறிப்பா காட்டணும். பார்மட் மாத்துறது, பக்கத்துல விளம்பரம் போடுறது மாதிரி தானா நடக்கிற வேலையால மட்டும் பாதுகாப்பு போயிடாது.

அப்ப கையைக் கட்டிட்டு உட்காரலாமா? முடியாது. குறிப்பான புகார் வந்தப்புறமும் படம் அப்படியே கிடந்தா, கொட்டகைக்காரருக்குத் தெரியும்னு ஆயிடுச்சு. அந்தத் தீர்ப்பு சொன்ன கெடு 36 மணி நேரம். 2021 விதிகள்படி, அடுத்தவர் உரிமையை மீறிப் படம் போடக் கூடாதுன்னு பயனர்கிட்ட சொல்லியிருக்கணும், குறைதீர் அதிகாரியோட பேரும் தொடர்பும் சைட்லயே இருக்கணும். அமெரிக்காவுல 1998 டிஎம்சிஏ சட்டமும் கிட்டத்தட்ட இதே வழிதான். ஒரு வித்தியாசம், அங்க ஏத்தினவர் 'இது என்னோடதுதான்'னு எதிர் நோட்டீஸ் கொடுக்க தெளிவா ஒரு வழி இருக்கு. இங்க அந்தப் பக்கம் கொஞ்சம் பலவீனம். பயந்த சைட்காரர் புகார் வந்ததும் யோசிக்காம தூக்கிடுவார். காரைக்குடி போட்டோவையும் சேர்த்து.

அதனால என் அப்லோடு பட்டன்ல இப்ப ரெண்டு கட்டம் புதுசா இருக்கு: 'எடுத்தது யார்', 'எப்ப'. ரெண்டாவதை நிறைய பேர் காலியா விட்டுட்டுப் போறாங்க. போன வாரம் ஒருத்தர் 'தாத்தா காலம்'னு எழுதியிருந்தார். எந்தத் தாத்தான்னு மெயில் அனுப்பியிருக்கேன்.