ஆனந்த குமாரசுவாமியின் கறுப்புக் கல்

ஆனந்த குமாரசுவாமி எண்டால் கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு உடன ஞாபகம் வாறது சிவ நடனம் பற்றின கட்டுரை, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றின புத்தகம், பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம். தகப்பன் சேர் முத்துக்குமாரசுவாமி வழியில் அவரை 'எங்கட ஆள்' எண்டு உரிமை கொண்டாடவும் நாங்கள் பின்நிற்கிறதில்லை. ஆனால் அவர் லண்டனில் படித்தது புவிச்சரிதவியல். அதை ஒரு வரியில் சொல்லிப்போட்டு கலைக்குத் தாவுறதுதான் வழமை. நாங்கள் இங்கே அந்த ஒரு வரியிலேயே நிற்கப்போகிறோம். பூமிக்குள்ள என்ன நடக்குது எண்டு உலகம் விளங்கிக்கொண்ட கதையில் அதுக்கும் ஒரு இடம் இருக்கு.

1903 முதல் 1906 வரை குமாரசுவாமி இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பிரிவின் பணிப்பாளர். முதற் பணிப்பாளரும் அவர்தான். 1904இல், சப்ரகமுவாவில் பலாங்கொடைப் பக்கத்தில் கிடைத்த கறுப்புக் கற்கள் சில அவர் கைக்கு வந்தன. சின்னச் சின்னச் சதுரமுகிகள், ஆனால் இரும்பை விடப் பாரம். யுரேனியக் கனிப்பொருளாகத்தான் இருக்கும் எண்டு அவர் நினைத்தார். லண்டனில் விண்டம் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தபோது பெரும்பங்கு தோரியம், கொஞ்சம் யுரேனியம் எண்டு தெரிந்தது. புதுக் கனிப்பொருள், தோரியனைட் எண்டு பெயர் வைத்தார்கள்.

அந்தக் காலத்தில் இப்படியொரு கல்லுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு எண்டதுக்கு கெல்வின் பிரபுவிடம் போகவேணும். உருகின நிலையில் தொடங்கி ஆறிக்கொண்டு வாற ஒரு திண்மக் கோளமாகப் பூமியை அவர் கணக்குப் பண்ணினார். 1897இல் அவர் சொன்ன வயது 2 கோடியில் இருந்து 4 கோடி ஆண்டுகள். டார்வினின் கூர்ப்புக்கு அது காணாது. ஆனால் கெல்வின் சொன்னால் ஆர் மறுத்துக் கதைக்கிறது? ஒராள் கதைத்தார். ஒரு காலத்தில் கெல்வினிடமே உதவியாளராக இருந்த ஜோன் பெரி, 1895இல், உள்ளுக்குள்ள பொருள் அசைந்து வெப்பத்தை மேலே கொண்டுவருமெண்டால் பூமியின் வயது பல மடங்கு கூடும் எண்டு காட்டினார். பெரிசா ஒருத்தரும் காது கொடுக்கவில்லை.

பிறகு வந்தது கதிர்த்தொழிற்பாடு. இலங்கைத் தோரியனைட் ஆய்வுகூடங்களுக்குள் போனது இந்த நேரத்தில்தான். 1905இல் லண்டனில் ஒட்டோ ஹான் அதில் இருந்து ரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தார் (பின்னாளில் அணுக்கருப் பிளவோடு பேசப்படுற அதே ஹான்). அமெரிக்காவில் பேர்ட்ராம் போல்ற்வுட் 1907இல் ஈயத்தை வைத்துக் கற்களுக்கு வயது சொன்னபோது, அவற்ற பட்டியலில் ஆகக்கூடிய வயது, 220 கோடி ஆண்டுகள், இலங்கைத் தோரியனைட்டுக்குக் கிடைத்தது. அந்தக் கணக்குப் பிழை. தோரியமும் கடைசியில் ஈயமாகத்தான் மாறும் எண்டது அப்ப தெளிவாகவில்லை. கல்லின் உண்மையான வயது அதை விட நல்லாக் குறைவு. எண்டாலும் கெல்வினின் கோடிகள் போதாது எண்டது உறுதியாகிப்போச்சு.

கெல்வினை வீழ்த்தினது கதிர்த்தொழிற்பாடு எண்டுதான் பொதுவாச் சொல்லுவினம். எங்களுக்கு அது பாதிக் கதையாத்தான் படுது. பாறைகள் தாங்களே வெப்பம் உண்டாக்கும் எண்டதைச் சேர்த்தாலும், உள்ளே ஒண்டும் அசையாது எண்டு வைத்துக்கொண்டால் கெல்வினின் கணக்குப் பெரிசா மாறாது. பெரி சொன்ன அசைவும் வேணும். இரண்டையும் ஒண்டாச் சேர்த்தவர் ஆர்தர் ஹோம்ஸ். 1928இல் கிளாஸ்கோவில், கதிர்த்தொழிற்பாட்டு வெப்பத்தால் பூமிக்குள் மேற்காவுகை ஓட்டங்கள் நடக்குது, கண்டங்களை நகர்த்துறதும் அதுதான் எண்டார்.

அவர் சொன்ன இடம்தான் இடையோடு. கொக்குவிலில் கிணறு வெட்டினால் சுண்ணக்கல். அதுக்குக் கீழே பழைய பளிங்குப் பாறை. இன்னும் கீழே, முப்பது நாற்பது கிலோமீற்றருக்கு அப்பால், இடையோடு தொடங்கி ஏறக்குறைய 2,890 கிலோமீற்றர் வரை போகுது. அது உருகின குழம்பு எண்டு பலபேர் நினைக்கினம். இல்லை. திரவத்துக்குள் போகமாட்டாத எஸ் நிலநடுக்க அலைகள் அதுக்குள்ளால போகுது. அது திண்மப் பாறைதான். ஆனால் அந்தச் சூட்டிலும் அமுக்கத்திலும் வருசத்துக்குச் சில சென்ரிமீற்றர், நகம் வளருற வேகத்தில், வழியும். 410, 660 கிலோமீற்றர் ஆழங்களில் அமுக்கம் தாங்காமல் கனிப்பொருள்கள் தங்கட கட்டமைப்பை மாற்றிக்கொள்ளுது. 660க்குக் கீழே பாறை இன்னும் இறுக்கம், அசைவும் மந்தம்.

2011இல் ஜப்பானின் காம்லாண்ட் ஆய்வுக்குழு, பூமிக்குள்ள இருந்து வாற நியூத்திரினோக்களை எண்ணி, வெளியேறுற வெப்பத்தில் பாதியளவு கதிர்த்தொழிற்பாட்டால் வருவது எண்டு அறிவித்தது. அதில் பெரும்பங்கு யுரேனியத்துக்கும் தோரியத்துக்கும்.

குமாரசுவாமி இடையோட்டைக் கண்டுபிடித்தார் எண்டு நாங்கள் சொல்ல வரேல்ல. அவர் 1906இலேயே அந்த வேலையை விட்டிட்டார். ஆனால் மத்தியகாலச் சிங்களக் கலைக்கான தரவுகளை அவர் சேர்க்கத் தொடங்கினதும் கனிப்பொருள் தேடிக் கிராமம் கிராமமாகப் போன அதே வருசங்களில்தான். ஒரே கண்தான் பாறையையும் கைவினையையும் பார்த்திருக்கு. அவர் பணிப்பாளராக எழுதின அறிக்கைகளை யாராவது தமிழில் கொண்டுவந்தால், முதல் ஆளாக வாசிக்க நாங்கள் இருக்கிறோம்.