உள்ளிழு காற்றின் வெப்பத் தணிப்பு

மோட்டார் வாகன எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் முறை. சூடேறிய காற்றின் அடர்த்தி குறையும்: ஒரு கன மீற்றர் காற்றின் நிறை 30 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 1.16 கிலோகிராம், 60 பாகையில் 1.06. ஒட்சிசன் குறைய வலுவும் குறைகிறது.

வழிகள்: பொனட்டுக்குள் தேங்கும் சூட்டுக்காற்றைத் தவிர்த்து, வெளிக்காற்றை முன்புறத்திலிருந்து எடுக்கும் குழாய், எக்ஸோஸ்ட் பக்கம் வெப்பத் தடுப்புத் தகடு, டர்போ வாகனங்களில், அழுத்தத்தால் 100 பாகையையும் தாண்டக்கூடிய காற்றை ஆற்றும் இன்டர்கூலர்.

அம்பாறைக் கரையோரம்: ஏ4 வீதி செல்லும் கல்முனைப் பகுதியில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளிக்காற்றே அனலாகும். கடலுப்பும் மணலும் இன்டர்கூலரின் அலுமினியத் தகடுகளில் படிந்து அரிக்கும், குளிர்விப்பைக் குறைக்கும். தகடுகள் வளையாதபடி நன்னீரை மெல்லப் பாய்ச்சிக் கழுவுவது இங்கு இன்றியமையாத பராமரிப்பு.