நன்னீர் மீன் வளர்ப்பில் நீர் வேதியியலும் ஒட்டுண்ணி நோய்களும்

வளர்ப்பு மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகளில் பல, குளத்தில் சிறு எண்ணிக்கையில் எப்போதும் இருப்பவையே. அவை மீனோடு மீனாகக் காலம் தள்ளுவதும், திடீரெனப் பெருகிக் குளத்தையே காலிசெய்வதும் பெரும்பாலும் நீரின் குணத்தைப் பொறுத்தவை. பி.எச்., காரத்தன்மை, உப்பு, அம்மோனியா, கரைந்த ஆக்சிஜன், கரிமக் கழிவு ஆகியவை மூன்று இடங்களில் கைவைக்கின்றன: மீனை விட்டு வெளியே திரியும் பருவத்தில் ஒட்டுண்ணியின் மீது, மீனின் செவுள் மற்றும் வழவழப்புப் படலத்தின் மீது, ஊற்றுகிற மருந்தின் மீது. மூன்றாவதுதான் அதிகம் மறக்கப்படுவது.

இந்தியாவில் கட்லா, ரோகு, மிர்கால் எனும் பெருங்கெண்டைகளை வளர்க்கும் குளங்களில் முக்கியமான ஒட்டுண்ணிகள் சிலவே. ரோகுவின் தோலில் மீன்பேன் (ஆர்குலஸ்), செவுள்களில் தட்டைப்புழு (டாக்டிலோகைரஸ்), குஞ்சுகளின் மீது டிரைக்கோடினா, உடலெங்கும் வெண்புள்ளி இடும் இக்தியோஃப்தீரியஸ், சதைக்குள் தலையைப் புதைத்துத் தொங்கும் நங்கூரப்புழு (லெர்னேயா). மீன்பேனை வெறுங்கண்ணாலேயே எளிதாகப் பார்க்கலாம். துடுப்பின் அடியில் ஒட்டியிருக்கும், சில மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டையான கண்ணாடிப் பொட்டு. அதில் இரண்டு கரும்புள்ளிகளாகக் கண்கள். விரலால் தள்ளினால் நகர்ந்து ஓடும்.

பி.எச். மற்றும் அம்மோனியா

குளத்து நீரின் பி.எச். நாள் முழுக்க ஒரே அளவில் நிற்பதில்லை. இரவில் எல்லா உயிர்களும் கரியமில வாயுவை வெளியிடுவதால் விடியற்காலையில் 7.5 அளவில் இருக்கும். பகலில் பாசி அந்த வாயுவை உறிஞ்சிக்கொள்ள, பச்சை பிடித்த குளத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு 9-ஐத் தாண்டவும் கூடும். காரத்தன்மை குறைந்த நீரில் இந்த ஆட்டம் பெரிது.

இதன் விளைவு அம்மோனியாவில் தெரியும். சோதனைப் பெட்டி காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் அயனியாகாத பகுதிதான் நஞ்சு. லிட்டருக்கு 1 மி.கி. மொத்த அம்மோனியா உள்ள 28° செல்சியஸ் நீரில், பி.எச். 7.5 எனில் நஞ்சுப் பகுதி சுமார் 2%, பி.எச். 9 எனில் சுமார் 40%. அதாவது காலையில் 0.02 மி.கி. ஆக இருந்தது, ஒரு பிடி தீவனமும் கூடப் போடாமலேயே பிற்பகலில் 0.4 மி.கி. ஆகிவிடும். காலையில் மட்டும் நீரைச் சோதித்து 'அம்மோனியா இல்லை' என்று எழுதிக்கொள்வது அரைச் சோதனை.

அம்மோனியா செவுளின் மெல்லிய இழைகளைத் தடிக்கச் செய்கிறது. ஆக்சிஜன் உள்ளே போகும் பாதை குறுகுகிறது. அதே இழைகளில் தட்டைப்புழு கொக்கி மாட்டியிருந்தால் சேதம் இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. ஆக்சிஜன் தாராளமாக உள்ள குளத்தில் மீன் தாங்கிக்கொள்கிற புழு எண்ணிக்கை, ஆக்சிஜன் சரிந்த விடியற்காலையில் அதைக் கொன்றுவிடலாம். நைட்ரைட்டும் இந்தக் கணக்கில் சேரும். அது இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுத்து அதைப் பழுப்பாக்குகிறது. நீரில் குளோரைடு போதிய அளவு இருந்தால் நைட்ரைட் செவுள் வழியே நுழைவது தடைபடும்.

கரிமக் கழிவு

டிரைக்கோடினா மீனின் சதையைத் தின்பதில்லை; நீரில் உள்ள பாக்டீரியாவையும் துகள்களையும் வடிகட்டித் தின்கிறது. மீன் அதற்கு உட்காரும் இடம் மட்டுமே. செவுளைச் சுரண்டி ஒரு சொட்டு நீரில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், உள்ளே பல்வளையம் பதித்த வட்டத் தட்டு பம்பரம் போலச் சுழன்றுகொண்டிருக்கும். மிச்சத் தீவனமும் சாணமும் மிகுந்து பாக்டீரியா பெருகினால் இதுவும் பெருகுகிறது. எண்ணிக்கை கூடியபின் ஓயாத உராய்வே குஞ்சைக் கொல்லப் போதும். நர்சரித் தொட்டிகளில் இது தலைகாட்டினால் முதலில் விசாரிக்க வேண்டியது தீவனக் கணக்கை.

உப்பு

வெண்புள்ளி நோயில் ஒட்டுண்ணி தோலுக்கடியில் இருக்கும்போது நீரில் கலக்கும் எதுவும் அதை எட்டாது. வளர்ந்ததும் மீனை விட்டு உதிர்ந்து, அடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கான நீந்தும் குஞ்சுகளாகப் பிரிகிறது. அவை ஓரிரு நாளுக்குள் மீனைப் பிடிக்காவிட்டால் மடிந்துபோகும். அந்த இடைவெளிதான் மருத்துவத்துக்குக் கிடைக்கும் ஒரே வாசல். இந்தச் சுற்று 25° வெப்பத்தில் ஒரு வாரத்துக்குள் முடியும். 10° குளிரில் ஒரு மாதத்துக்கு மேலும் இழுக்கும். ஒரே ஒரு தடவை மருந்திட்டு நிறுத்துவது ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இதுவே விடை.

நன்னீர் மீனின் இரத்தத்தில் உப்புத்தன்மை லிட்டருக்குச் சுமார் 9 கிராம். சுற்றியுள்ள நீரிலோ ஒரு கிராமுக்கும் கீழே. அதனால் நீர் ஓயாமல் உடலுக்குள் கசிகிறது; அதை வெளியேற்றவே மீன் ஆற்றலைச் செலவிடுகிறது. ஒட்டுண்ணி தோலைத் துளைத்துவிட்டால் கசிவு இன்னும் மோசம். லிட்டருக்கு 3 முதல் 5 கிராம் கல்லுப்பு மீனின் இந்தச் சுமையைக் குறைக்கிறது, நன்னீருக்கே பழகிய, ஒட்டுண்ணியின் நீந்தும் குஞ்சுகளையும் அழிக்கிறது. ஆனால் இது தொட்டிக்கு உரிய வைத்தியம். ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு 3 கிலோ போதும். ஒரு ஹெக்டேர் பரப்பும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள குளத்துக்கு அதே அடர்த்தி வேண்டுமானால் 45 டன் உப்பு இறக்க வேண்டும்; பின்னர் அந்த நீரை எந்த வயலுக்கும் விட முடியாது.

மருந்தும் நீரும்

நீர் வேதியியல் தெரியாமல் கையாளக்கூடாத மருந்துகளில் முதலாவது மயில்துத்தம். ஒட்டுண்ணியைக் கொல்வது நீரில் அயனியாகத் திரியும் செம்பு. காரத்தன்மை மிகுந்த நீரில் அது கார்பனேட்டாகி அடியில் படிந்துவிடும். காரத்தன்மை குறைந்த நீரில் அப்படியே நின்று மீனையும் கொல்லும். ஆகவே மொத்தக் காரத்தன்மையை 100-ஆல் வகுத்து வருவதையே லிட்டருக்கு இத்தனை மி.கி. என்று அளவாகக் கொள்கிறார்கள். மேலே சொன்ன ஒரு ஹெக்டேர் குளத்தில் காரத்தன்மை 120 எனில் 18 கிலோ. 200 எனில் 30 கிலோ. 50-க்குக் கீழ் இருந்தால் தொடாமலிருப்பதே நல்லது. 250-ஐத் தாண்டினால் பயன் குறைவு. பக்கத்துக் குளத்துக்காரர் சொன்ன அளவை அப்படியே போடுவது, அவர் குளத்தின் காரத்தன்மையும் தன் குளத்தினுடையதும் ஒன்று என்று பந்தயம் கட்டுவதற்குச் சமம். துத்தம் பாசியையும் கொல்வதால் பின்னாலேயே ஆக்சிஜன் சரியும் என்பது தனி ஆபத்து.

ஃபார்மலினும் ஆக்சிஜனைத் தின்னும்: லிட்டருக்கு 5 மி.கி. போட்டால் 1 மி.கி. ஆக்சிஜன் போகும். குளத்தில் இடும் 25 மி.கி. அளவு 5 மி.கி. ஆக்சிஜனை விழுங்கக்கூடியது, காற்றூட்டி இல்லாத இடத்தில் ஒட்டுண்ணியால் சாகாத மீன் மூச்சுத்திணறிச் சாகும். பெர்மாங்கனேட்டின் சங்கடம் வேறு. கலங்கிய, கழிவு மிகுந்த நீரில் கரிமப்பொருளே அதை முதலில் தீர்த்துவிடும். ஊதா நிறம் சில நிமிடங்களில் பழுப்பானால் ஒட்டுண்ணிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று பொருள்.

மீன்பேனுக்கு வெகுகாலம் பயன்பட்ட டிரைகுளோர்ஃபான், அமில நீரில் மாதக்கணக்கில் சிதையாமல் இருக்கும். பி.எச். 8.5-இல் அரை மணி நேரத்திலேயே பாதி சிதைந்து, அதனினும் நஞ்சான டைகுளோர்வாஸாக மாறுகிறது. காலையில் இட்ட மருந்தும் பிற்பகலில் இட்ட மருந்தும் ஒன்றல்ல.

சேறும் சுண்ணாம்பும்

சில ஒட்டுண்ணிகளுக்கு மீன் பாதி வீடு மட்டுமே. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டிரவுட் குஞ்சுகளைச் சுழன்று நீந்தவைத்துக் கொல்லும் மிக்ஸோபோலஸ் செரிபிராலிஸ், மறுபாதி வாழ்வை டியூபிஃபெக்ஸ் என்ற சேற்றுப்புழுவுக்குள் கழிக்கிறது. இதை 1984-இல் உல்ஃப், மார்க்கிவ் என்ற இரு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். அப்புழு செழிப்பது ஆக்சிஜன் குறைந்த, கரிமச்சத்து மிகுந்த சேற்றில். மண் குளங்களை விட்டு டிரவுட் குஞ்சுகளைக் கான்கிரீட் கால்வாய்களுக்கு மாற்றியதன் காரணங்களுள் இது ஒன்று.

மண் குளத்தை விட முடியாத கெண்டை வளர்ப்பில், சேற்றில் தங்கும் ஒட்டுண்ணிகளை ஒழிக்கும் வேலையைச் சுண்ணாம்பு செய்கிறது. அறுவடைக்குப் பின் நீரை வடித்து, அடிமண் ஈரமாக இருக்கும்போதே சுட்ட சுண்ணாம்பைப் பரப்பினால், பி.எச். 11, 12 என்று ஏறி முட்டை, கூடு, நத்தை, சேற்றுப்புழு யாவற்றையும் அழிக்கும். அரைத்த சுண்ணாம்புக்கல்லால் இது முடியாது, அது பி.எச்.-ஐ 8.3 அளவுக்கு மேல் ஏற்றுவதில்லை, காரத்தன்மையைக் கூட்ட மட்டுமே உதவும். சுட்ட சுண்ணாம்பு இட்ட குளத்தில் நீர் நிரப்பியபின், பி.எச். 8.5-க்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே குஞ்சுகளை விடுகிறார்கள்.