பாகப்பிரிவினை: மணமின்றி வாழ்ந்தோரின் கூட்டு வீடு

விவாகம் செய்துகொள்ளாது சேர்ந்து வாழ்ந்த இருவர், தம் இருவர் பெயரிலும் கிரயம் பெற்ற வீட்டைப் பிரியுங்கால் பங்கிட்டுக்கொள்ளும் வியவகாரம். இத்தகையோருக்கென இந்தியாவில் தனிச் சொத்துச் சட்டம் இயற்றப்படாமையால், கொச்சியின் மட்டாஞ்சேரியிலுள்ள வீடாயினும், அதில் அவரவர் பங்கு உறவைக் கொண்டன்றிப் பத்திரத்தையும் பணத்தையும் கொண்டே நிர்ணயிக்கப்படுகிறது.

பூர்வ வழக்கம்: பழைய கொச்சி ராஜ்யத்தில் தாய்வழி உரிமைமுறையாகிய மருமக்கள்தாயத்தைக் கைக்கொண்ட நாயர் முதலிய சமூகத்தாரிடையே, சம்பந்தம் என்னும் உறவு எளிதில் தொடங்கி எளிதில் முடியக்கூடியதாயினும், ஸ்திரீ வாழ்ந்த வீடு தறவாடு என்னும் அவளுடைய தாய்வழிக் கூட்டுக்குடும்பத்தின் சொத்தாகவும் ஆடவன் தன் தாயின் தறவாட்டைச் சேர்ந்தவனாகவும் இருந்தமையால், உறவு முறிந்தபோது பங்கிடுவதற்கென ஒரு கூட்டு வீடே இருந்ததில்லை. தறவாட்டின் கூட்டுடைமையையும் 1975 ஆம் ஆண்டுக் கேரளக் கூட்டு இந்துக் குடும்ப ஒழிப்புச் சட்டம் தனித்தனிப் பங்குகளாக மாற்றிவிட்டது.

இன்றைய சட்டம்: பங்கின் அளவு பத்திரத்தில் குறிக்கப்பட்டிருப்பின் அதுவே பிரமாணம். குறிக்கப்படாதவிடத்து, 1882 ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 45 ஆம் பிரிவு, கிரயத் தொகையைத் தனித்தனியே கொடுத்திருந்தால் கொடுத்த விகிதப்படியும், பொது நிதியிலிருந்து கொடுத்திருந்தால் அந்நிதியில் அவரவர்க்கிருந்த பங்கின்படியும், சாட்சியம் ஏதுமில்லையேல் சரிபாதியாகவும் பாத்தியதையைக் கணிக்கிறது. பத்திரம் ஒருவர் பெயரில் மட்டும் இருந்து பணம் மற்றவருடையதாயின், 1988 ஆம் ஆண்டுப் பினாமிச் சட்டம் குறுக்கிடும். கணவன் மனைவியருக்கு அச்சட்டம் அளிக்கும் விலக்கு இவர்களுக்கு இல்லை.

பங்கீட்டு முறை: இணக்கமிருப்பின் ஒருவர் தொகை பெற்றுக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுப்பார். இன்றேல் சிவில் நீதிமன்றத்தில் வழக்கிட வேண்டும். அங்கே முதனிலைத் தீர்ப்பாணை பங்குகளை நிர்ணயிக்க, ஆணையர் வீட்டைப் பார்வையிட்டு அளந்து அறிக்கை அளிப்பார். சில சென்ட் நிலத்தில் பொதுச்சுவருடன் நெருங்கி நிற்கும் மட்டாஞ்சேரியின் பழைய வீடுகளை இரண்டாகக் கூறிடுதல் அரிது. இத்தகைய வீட்டை, பாதிக்குக் குறையாத பங்குடையவர் வேண்டினால் விற்றுப் பணத்தைப் பகிரவும், அவ்வாறு வேண்டியவருடைய பங்கை மற்றவர் மதிப்பீட்டு விலைக்கு வாங்கிக்கொள்ளவும் 1893 ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் வழிசெய்கிறது. கூட்டாகப் பெற்ற வங்கிக் கடன் நிலுவையிலிருந்தால், வங்கி சம்மதித்து விடுவித்தாலன்றி, பங்கை விட்டுக்கொடுத்தவரும் அதற்குப் பொறுப்பாளியே.

உறவின் ஸ்தானம்: 2005 ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், விவாகத்தை ஒத்த உறவில் வாழ்ந்த பெண்ணுக்கு அவ்வீட்டைப் பொறுத்தவரை அதில் வசிக்கும் உரிமையை மட்டுமே அளிக்கிறது, சொத்துரிமையை அளிப்பதில்லை. அவ்வுறவின் லக்ஷணங்களை, தமிழ்நாட்டிலிருந்து சென்ற வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில் 2010 இல் உச்சநீதிமன்றம் வரையறுத்தது. ஒப்பந்தம் எழுதிச் சேர்ந்து வாழ்வது சட்டப்படி விவாகமாகாதாகையால் அத்தகையோர் விவாகரத்துக் கோர இயலாதெனக் கொச்சியிலுள்ள கேரள உயர்நீதிமன்றம் 2023 இல் தீர்ப்பளித்தது. ஆகவே, தம்பதியர் குடும்ப நீதிமன்றத்தில் எழுப்பும் சொத்துப் பிணக்கை இவர்கள் வெறும் கூட்டுடைமையாளராகச் சிவில் நீதிமன்றத்திலேயே தீர்த்துக்கொள்ள நேர்கிறது. வாங்கும் நாளிலேயே அவரவர் பங்கைப் பத்திரத்தில் எழுதுவித்தலே அவர்களுக்குரிய முதற் பாதுகாப்பு.