நரலோகவீரன்

முதலாம் குலோத்துங்க சோழனிடமும் அவன் மகன் விக்கிரம சோழனிடமும் படைத்தலைவனாக விளங்கியவன் நரலோகவீரன். காலம் 11ஆம் நூற்றாண்டின் இறுதியும் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியும். தொண்டை நாட்டு மணவில் ஊர்த் தலைவன், இயற்பெயர் கூத்தன். மணவிற் கூத்தன், பொன்னம்பலக் கூத்தன், அருளாகரன் என்றும் கல்வெட்டுகளில் வருகிறான். காலிங்கராயன் என்பது பட்டம்.

சோழப் படைத்தலைவர்களின் வாழ்க்கையைத் தனியே எழுதிவைக்க வரலாற்றாசிரியர்கள் இல்லை. நரலோகவீரனின் வரலாறு எஞ்சியிருப்பது கோயில் சுவர்களில்தான். அக்கோயில்கள் உள்ள ஊர்களில் ஒன்று சிதம்பரம். மற்றொன்று பண்ருட்டியை ஒட்டிய திருவதிகை. இரண்டு ஊர்களிலும் அவன் பணிகளைப் பாடும் வெண்பாக்கள் கல்லில் உள்ளன.

பாண்டியரையும் சேரரையும் வென்றவன் என்று அவை புகழ்கின்றன. எந்தக் களத்தில் எத்தனை யானை, எத்தனை வீரர் என்ற விவரம் கிடையாது. போர் அடைமொழியாகவே வந்து போகிறது. பாட்டின் உயிர் திருப்பணியில் இருக்கிறது.

சிதம்பரத்தில் நூற்றுக்கால் மண்டபமும் சிவகாமியம்மன் கோயிலும் எடுத்தான். திருக்குளத்துக்குக் கற்படி அமைத்தான். மாசி விழாவில் இறைவன் கடலாட எழுந்தருளுவதற்குக் கடற்கரையில் மண்டபம் கட்டி, அங்கே போகப் பெருவழியும் போட்டான். எல்லாவற்றிலும் பெரிய பணி, மூவர் பாடிய தேவாரத்தைச் செப்பேட்டில் எழுதச் செய்தது. ஓலை செல்லரிக்கும், செம்பு நிற்கும் என்று எண்ணியிருக்க வேண்டும். பதிகங்களைக் காக்க வேண்டும் என்ற இந்தக் கவலைக்காகவே இவனைப் போர்வீரன் என்று மட்டும் எழுதிவிட்டுக் கடந்துபோகக் கூடாது.

திருவதிகை, அம்மூவருள் ஒருவரான அப்பர் என்னும் திருநாவுக்கரசர் சூலைநோய் தீர்ந்து சைவத்துக்குத் திரும்பிய தலம். அங்கே மண்டபம், மதில், அம்மன் கோயில் ஆகியவற்றோடு நாவுக்கரசருக்கும் ஒரு கோயில் எடுப்பித்தான். சிதம்பரத்தில் பதிகத்தைச் செம்பில் ஏற்றியவன், அதைப் பாடியவரை அவர் நோய் தீர்ந்த ஊரிலேயே போற்றியிருக்கிறான்.

ஒட்டக்கூத்தரின் 'விக்கிரம சோழன் உலா'வில், அரசனின் பவனியில் உடன்வரும் தலைவர்களுள் ஒருவனாக இவன் குறிக்கப்படுகிறான்.