ஆர்.டி.ஐ. சட்டத்தில் என்ன மாறியது? மனு போடும் முன் தெரிஞ்சுக்கோங்க
ரேஷன் கடை இருப்பு முதல் சாலை டெண்டர் வரை, 10 ரூபாய் கட்டி குடிமக்கள் யாரும் அரசிடம் தகவல் கேட்கலாம். எதுக்குன்னு அதிகாரி கேட்க முடியாது. 30 நாளில் பதில் தரணும். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதுன்னா 48 மணி நேரம். 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதெல்லாம் அப்படியேதான் இருக்கு.

மாறியது பிரிவு 8(1)(ஜே). முன்பு, ஒருவரின் தனிப்பட்ட விவரம் பொதுப்பணியோடு தொடர்பில்லாததாகவோ, அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுவதாகவோ இருந்தால்தான் மறுக்கலாம். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலை மக்களுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இரண்டையும் எடுத்துவிட்டது. 2025 நவம்பரில் இது அமலுக்கு வந்தது. இனி ‘தனிப்பட்ட தகவல்’ என்று சொன்னாலே மறுத்துவிடலாம். நலத்திட்டப் பயனாளிகள் பட்டியலைக்கூட இதைக் காட்டித் தராமல் இருக்க வாய்ப்பிருக்கு. முறைகேடு வெளிவருவதே இப்படிப்பட்ட பட்டியல்களில்தான்.

பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்ற பிரிவு 8(2) இருக்கே என்கிறது மத்திய அரசு. ஆனா, அதை முதலில் முடிவு செய்வது அதே அலுவலகம். அதனால் காரணம் சொல்லத் தேவையில்லை என்றாலும், பொதுநலன் என்னன்னு மனுவில் ஒரு வரி எழுதிடுங்க. மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் கிடைக்கலைன்னா 90 நாளுக்குள் தகவல் ஆணையம்.